கருணையும் கண்காணிப்பும்

தவறு செய்துவிட்ட ஒருவனைக் காணும்போது மனித உள்ளத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. ‘இவன் என்ன செய்தான்?’ என்பது ஒன்று. ‘இவனுக்கு என்ன நேர்ந்தது?’ என்பது மற்றொன்று. முதல் வினாவைக் கேட்பவன் கணக்குப் பார்க்கிறான். இரண்டாவதைக் கேட்பவன் காயத்தைப் பார்க்கிறான். ஒரே உள்ளத்தில் இவ்விரண்டும் ஒருங்கே குடியிருத்தல் எளிதன்று என்பதை இல்லறம் நடத்துவோர் யாவரும் அறிவர். பொய் சொல்லி அகப்பட்டுக் கொண்ட பிள்ளையின் முன்னால் நிற்கும் தாயும் தந்தையும் பெரும்பாலும் இவ்விரு வினாக்களையும் தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஒருவர் கேள்வி கேட்பார். மற்றவர் சோறு போடுவார்.

குடும்பத்தில் நிகழும் இந்தப் பங்கீடே பல்கலைக் கழகங்களிலும் நெடுங்காலம் நிகழ்ந்து வந்தது. முதல் வினாவிலிருந்து குற்றவியல் என்னும் கல்வி வளர்ந்தது. குற்றம் ஏன் நிகழ்கிறது, எங்கே மிகுதியாக நிகழ்கிறது, செய்தோருள் யார் அகப்படுகின்றனர், தண்டனை எவரைத் திருத்துகிறது, எவரைக் கெடுக்கிறது என்பனவற்றை ஆராய்வது அதன் வேலை. இரண்டாம் வினாவிலிருந்து மனித நலச் சேவைக் கல்வி வளர்ந்தது. நம் நாட்டில் அது சமூகப் பணி என்ற பெயரில் பழகியிருக்கிறது. ஆதரவற்ற சிறார், தனித்து விடப்பட்ட முதியோர், மனநலம் குன்றியோர், போதைக்கு அடிமையானோர், சிறையிலிருந்து வெளிவந்தோர் ஆகியோருக்குத் துணை நிற்கும் முறையைக் கற்பிப்பது அது.

இவ்விரண்டையும் ஒரே மாணவன் ஒருங்கே பயிலும் ஏற்பாடு அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக் கழகங்களில் உண்டு. நமக்கும் இது புதிதன்று. பம்பாயில் 1936ல் சமூகப் பணிப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்ற கல்விக் கூடம், குற்றவியலைச் சமூகப் பணியின் ஒரு கிளையாகவே வளர்த்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் 1951ல் இந்தியா வந்த அமெரிக்கக் குற்றவியலறிஞர் வால்டர் ரெக்லெஸ் நம் நாட்டுச் சிறை நிர்வாகம் பற்றி அறிக்கை அளித்த காலம் அது. சென்னையில் 1952ல் சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. சென்னைப் பல்கலைக் கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உள்ளன.

மகனோ மகளோ இப்படிப்பை நாடும்போது, ‘இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அக்கேள்வியில் குற்றமில்லை. சிறைகளில் நல அலுவலர், நீதிமன்றங்களைச் சார்ந்து நன்னடத்தை அலுவலர், மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர், போதை மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் என்று இக்கல்விக்குரிய இடங்கள் பல உள்ளன. ஆயினும் அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அது வருவாயைப் பற்றியதன்று, அறத்தைப் பற்றியது. ஒரே மனிதன் ஒருவனுக்குத் துணைவனாகவும் அவனைக் கண்காணிப்பவனாகவும் இருத்தல் தகுமா? அவ்வாறு இருப்பவன் சொல்லும் அன்பான வார்த்தையை எதிரில் இருப்பவன் எப்படி நம்புவான்?

ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். பதினேழு வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிபட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். அவனுடைய வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை எழுத ஓர் அலுவலர் வருகிறார். முதல் நாள் பையன் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் தாயைப் பற்றிக் கேட்டதும் அழுகிறான். மூன்றாம் நாள், தன் தோளில் ஆதரவாகக் கை வைத்த அந்த மனிதரிடம், இதற்கு முன்னும் இரு முறை திருடியதாகவும் அது யாருக்கும் தெரியாது என்றும் சொல்லி விடுகிறான். மறுநாள் அறிக்கை தந்தாக வேண்டும். அலுவலர் அதை எழுதுவதா, எழுதாது விடுவதா? எழுதினால், அழுத பிள்ளையின் நம்பிக்கையை விற்றவராகிறார். எழுதாவிட்டால், உண்மையறிய அனுப்பிய நீதிமன்றத்தை ஏமாற்றியவராகிறார். குற்றவியல் மட்டும் படித்தவருக்கு இதில் குழப்பமில்லை; சேவை மட்டும் படித்தவருக்கும் இல்லை. இரண்டையும் படித்தவருக்கே உறக்கம் போகிறது. எனில், உறக்கத்தைக் கெடுக்கும் இக்கல்வியால் யாது பயன்?

பாஸ்டன் நகரத்துக் காலணிக் கடைக்காரர்

இந்தச் சிக்கல் எங்கே பிறந்தது என்று காண்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்பவர் காலணி செய்யும் கடை வைத்திருந்தார். 1841ல் ஒரு நாள் அவர் நீதிமன்றத்தில் இருந்தபோது, குடிகாரன் எனக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைக் கொண்டு வந்து நிறுத்தினர். அகஸ்டஸ் அவனிடம் பேசினார். இனிக் குடிப்பதில்லை என்று அவன் உறுதி கூறியபின் அவனை ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அவன் மீண்டும் நீதிமன்றம் வந்தபோது ஆளே மாறியிருந்தான். நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்தார். 1859ல் தாம் மறையும் வரை ஏறத்தாழ 2,000 பேரை அகஸ்டஸ் இவ்வாறு ஜாமீனில் எடுத்துத் திருத்த முயன்றார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் அவருடைய இரக்கத்தை மட்டும் சொல்லி முடித்து விடுவதுண்டு. ஆனால் அகஸ்டஸ் வந்தவரையெல்லாம் ஏற்றவர் அல்லர். ஒருவனுடைய முந்தைய நடத்தை என்ன, வயது என்ன, வெளியே போனால் எத்தகையோர் நடுவில் வாழ்வான் என்றெல்லாம் விசாரித்த பின்னரே பொறுப்பேற்றார். பொறுப்பேற்ற பின் கவனித்து வந்தார்; நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். ஆகவே, இம்முறையின் பிறப்பிலேயே அன்பும் ஆய்வும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாக இருந்தன.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1878ல் இதைச் சட்டமாக்கியது. இங்கிலாந்து 1907ல் சட்டம் இயற்றி, நன்னடத்தை அலுவலர் தம் பொறுப்பில் விடப்பட்டவனுக்கு ஆலோசனை கூற வேண்டும், உதவ வேண்டும், நண்பராகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. நட்பைச் சட்டத்தின் கடமையாக எழுதி வைத்த விந்தை அது! அதே சட்டம் அவனைக் கண்காணித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் கடமையையும் அவர்மீதே சுமத்தியது. நம் சென்னை மாகாணமும் இதில் பின்தங்கவில்லை. 1920ல் சிறார் சட்டமும், 1936ல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் இங்கே இயற்றப்பட்டன. இந்தியா முழுமைக்குமான நன்னடத்தைச் சட்டம் 1958ல் வந்தது. அதன் பதினான்காம் பிரிவைப் படித்துப் பார்த்தால், குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தருவதும், விடுவிக்கப்பட்டவனை மேற்பார்வையிடுவதும், வேண்டுமிடத்து அவனுக்கு வேலை தேடித் தர முயல்வதும் ஒருவருடைய கடமையாகவே சேர்த்து எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு இரு புறமும் இரு சமூகப் பணியாளர் அமர்கின்றனர். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பதினாறு வயது நிறைந்த சிறுவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனை வளர்ந்தோரைப் போல விசாரணைக்கு அனுப்பலாமா என்பதை முதற்கண் எடை போடுவதும் இக்குழுமமே. சேவை செய்யக் கற்றவர் ஈண்டுத் தீர்ப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறார்.

பிரித்த நாடும் பிரிக்காத நாடும்

இவ்விரு வேலைகளையும் பிரித்து விடுவதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. இங்கிலாந்தில் நன்னடத்தை அலுவலர்கள் நெடுங்காலம் சமூகப் பணியாளருடன் சேர்ந்தே பல்கலைக் கழகங்களில் பயின்றனர். 1990களின் நடுவில் அந்நாட்டு அரசு, சமூகப் பணிப் பயிற்சி அவர்களுக்கு இனிக் கட்டாயமில்லை என்று முடிவு செய்து, தனிப் பயிற்சி ஒன்றை வகுத்தது. குற்றவாளியின் நண்பனாக இருப்பதைவிடப் பொதுமக்களைக் காப்பதே அலுவலரின் முதற்கடமை என்பது அதன் கருத்து. பக்கத்திலுள்ள ஸ்காட்லாந்தோ 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் நன்னடத்தைப் பணியைச் சமூகப் பணித் துறைக்குள்ளேயே இணைத்தது, அவ்விணைப்பை விட்டுவிடவில்லை.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பிரிக்கச் சொல்வோர், ‘கையில் சாவிக் கொத்து வைத்திருப்பவன் நண்பன் என்று சொல்லிக் கொள்வது பொய், கண்காணிப்பவன் கண்காணிக்கட்டும், உதவுபவன் உதவட்டும்’ என்கின்றனர். சேர்க்கச் சொல்வோர், ‘உதவும் கை இல்லாத கண்காணிப்பு, விழுவதற்குக் காத்திருக்கும் கண்காணிப்பு. அவன் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாதவனுக்கு, அவன் வரவில்லை என்று எழுத மட்டுமே தெரியும்’ என்கின்றனர்.

சேர்ப்பதே நலம் என்று நாமும் கருதுகின்றோம். ஆனால் சேர்ப்பதால் மட்டும் நன்மை விளைந்து விடும் என்று எண்ணுவோமாயின், நம் மண்ணின் வரலாறே நம்மை மறுக்கும்.

ரேகையும் பள்ளியும்

1871ல் ஆங்கிலேயர் ஆட்சி குற்றப் பழங்குடிகள் சட்டம் என ஒன்றை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. குறித்த சமூகத்தில் பிறந்திருந்தாலே போதும், அவன் பெயரும் கைரேகையும் பதிவாகும். அவன் நடமாட்டம் போலீசின் கண்காணிப்புக்கு உட்படும். மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே வழங்கினர். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் இப்பதிவை எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

நாம் இங்கே கருத வேண்டியது துப்பாக்கியை மட்டுமன்று. அதே காலத்தில் அதே அரசு, அதே மக்களுக்காகக் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளைத் திறந்தது. கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. வேறு சில சமூகத்தாருக்குக் குடியிருப்புகளை அமைத்து, நெசவும் வேளாண்மையும் கற்பித்தது. அக்குடியிருப்புகளிலிருந்து அனுமதியின்றி வெளியே செல்லுதல் குற்றம். உதவியும் கண்காணிப்பும் ஒரே நிர்வாகத்தில் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்திருந்த ஏற்பாடு வேறொன்றைக் காண்பது அரிது. அப்பள்ளிகளில் படித்து உயர்ந்தோர் பலர் என்பதும் உண்மையே. அவ்வுண்மையை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் தன் பாட்டன் ரேகை வைத்த அதே அரசு தன் கையில் பலகையும் குச்சியும் தந்ததைக் கண்ட குழந்தை, அக்கல்வியைத் தன் உரிமை என்று எண்ணியிருக்குமா, தன் குலத்தின் மீதுள்ள சந்தேகத்துக்கு மருந்து என்று எண்ணியிருக்குமா?

சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் இச்சட்டம் ஒழிந்தது. அதன் பிழை யாது? கருணை குறைந்தது மட்டுமன்று. ‘இவர்கள் குற்றவாளிகள்’ என்ற முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் மீது கருணையைக் கட்டியதே பிழை. ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் எனக் கொள்வதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் குற்றவியல் அங்கே இல்லை. அதன் பெயரில் ரேகைப் புத்தகம் இருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அம்மக்களைக் கேட்கும் சேவையும் அங்கே இல்லை. அதன் பெயரில் உத்தரவு இருந்தது.

எடை போடப்பட்ட அன்பு

இனி இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றைக் காண்போம். இங்கே அதிகாரத்தின் கொடுமை இல்லை, அன்பே இருந்தது.

ரிச்சர்ட் கேபட் என்பவர் பாஸ்டன் நகரத்து மருத்துவர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சமூக அறவியல் பேராசிரியராகவும் விளங்கியவர். நோயாளியின் வீட்டு நிலையை அறியாமல் மருந்து மட்டும் கொடுப்பதில் பயனில்லை என்று கண்டு, 1905லேயே மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரை அமர்த்திய முன்னோடி. சிறுவர்கள் குற்ற வழியில் செல்லாமல் தடுக்க வேண்டும் என்னும் ஆவலால், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு நகரங்களில் அவர் ஒரு திட்டத்தை வகுத்தார். வறிய பகுதிகளிலிருந்து 506 சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது, குடும்பம், குணம் ஆகியவற்றில் ஒத்த இருவரை இருவராகச் சேர்த்து, நாணயத்தைச் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என முடிவு செய்தனர். உதவி பெற்ற 253 பேர் வீட்டுக்கும் ஆலோசகர்கள் சென்றனர்; பாடம் சொல்லிக் கொடுத்தனர்; மருத்துவ உதவி தேடித் தந்தனர்; கோடைக் காலத்தில் முகாம்களுக்கு அனுப்பினர். 1939ல் கேபட் மறைந்தார். அவ்வாண்டு தொடங்கிய பணி 1945 வரை நடந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்டு என்னும் குற்றவியல் ஆய்வாளர் அச்சிறுவர்களை, இப்போது நடுவயது ஆடவர்களை, தேடிக் கண்டுபிடித்து ஆராய்ந்தார். 1978ல் அவர் வெளியிட்ட முடிவு பலரை அதிர வைத்தது. உதவி பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றே கூறினர். ஆலோசகர்களை அன்போடு நினைவு கூர்ந்தனர். ஆனால் கணக்கு வேறொன்றைச் சொன்னது. ஒரு முறை குற்றம் செய்தவர் மீண்டும் குற்றம் செய்வதும், குடிக்கு அடிமையாதலும், கடுமையான மனநோயும், இளமையிலேயே இறத்தலும் உதவி பெறாதவரைவிட உதவி பெற்றவரிடையே மிகுந்திருந்தன. இதற்குக் காரணம் யாது என்று அறிஞர்கள் பலவாறு ஆய்ந்தனர். கோடை முகாம்களில் தடம் புரளும் இயல்புடைய சிறுவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தீமையைக் கற்றிருக்கக் கூடும் என்பது பின்னாளில் முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று.

இவ்வரலாற்றைப் படித்து, ‘பார்த்தீர்களா, உதவி செய்வதே வீண்’ என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. அது சொல்வது வேறு. நல்லெண்ணம் நற்பயனுக்குச் சான்றாகாது; பெற்றவரின் நன்றியும் முழுச் சான்றாகாது. மருந்து கொடுத்தவன் நல்லவன் என்பதால் மருந்து நஞ்சில்லை என்றாகிவிடுமா? ஈண்டுக் கேபட்டின் பெருந்தன்மையை நாம் வியக்கிறோம். தம் அன்பையே தராசில் வைத்து எடை போடுமாறு ஏற்பாடு செய்து விட்டுப் போனவர் அவர். நாணயத்தைச் சுண்டிப் பிரித்து வைத்த அந்த இரண்டாம் குழு இல்லையேல், உதவியால் நேர்ந்த தீங்கு எவர் கண்ணுக்கும் தெரிந்திராது. அதே தவறு புன்னகையோடு இன்னும் பல ஊர்களில் நடந்திருக்கும்.

ஒன்றுக்கொன்று காவல்

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரு கல்விகளையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது விளங்குகிறது. இரண்டும் தெரிந்தால் இரட்டிப்பு வேலை வாய்ப்பு என்பதற்காக அன்று. ஒன்றின் குற்றத்தை மற்றொன்றுதான் பிடிக்க முடியும் என்பதற்காக. உதவி செய்பவனை நோக்கி, ‘உன் உதவியால் என்ன விளைந்தது?’ என்று குற்றவியல் கேட்கிறது. சட்டத்தை நோக்கி, ‘நீ பட்டியலிட்ட இவன் யார்? இவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா?’ என்று சேவை கேட்கிறது.

நம் நாட்டுச் சிறைகளின் கணக்கை எடுத்துக் கொள்வோம். 2022 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் குற்றவாளி எனத் தீர்க்கப்படாதவர்கள். இக்கணக்கை எடுத்துக் காட்டுவது குற்றவியலின் பணி. ஆனால் அவருள் ஒருவனை எடுத்துக் கொண்டு, ஜாமீன் கிடைத்தும் இவன் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டால், விடை புள்ளி விவரத்தில் இல்லை. உத்தரவாதம் தர உள்ளூரில் ஆளில்லை. கூலி வேலைக்கு வந்த ஊரில் முகவரிச் சான்று இல்லை. ஊரிலுள்ள தாய்க்கு மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதே தெரியவில்லை. இவற்றைத் தேடிச் சென்று அறிந்து, கடிதம் எழுதி, வக்கீலைக் கண்டு முடிப்பது சேவையின் பணி. டாட்டா நிறுவனம் 1990ல் தொடங்கிய பிரயாஸ் என்னும் திட்டத்தில், சமூகப் பணியாளர்கள் போலீஸ் நிலையத்திலும் சிறையிலும் இருந்து இவ்வகைப் பணியைச் செய்து வந்திருக்கின்றனர். எண்ணிக்கை இல்லாவிடில் தாயின் துயரம் தனியொரு கதையாக நின்றுவிடும். தாயைத் தேடிச் செல்லாவிடில் எண்ணிக்கை ஏட்டிலேயே கிடக்கும்.

இன்னொருவரையும் நாம் மறந்து விடலாகாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர். தவறியவனைத் திருத்தும் ஆர்வத்தில், அவன் கையால் அடிபட்டவள் வீட்டுக்கு ஒருவரும் செல்லாமல் போவதுண்டு. குற்றவியல் வழக்கின் முடிவைப் பார்க்கிறது. சேவை திருந்துபவனைப் பார்க்கிறது. அவளுக்குச் சாட்சிக் கூண்டில் மட்டுமே இடம். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நம் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இடம் பெற்றது. இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. இரண்டையும் படிப்பவன் இரண்டு வீடுகளின் கதவையும் தட்டக் கடமைப்பட்டவன். ஒரு வீட்டுக்கு மட்டும் செல்லும் கருணை பாதிக் கருணை.

இரு கடன்கள்

இப்போது அந்தப் பதினேழு வயதுப் பையனிடம் திரும்புவோம். அவன் சொன்னதை எழுதுவதா, மறைப்பதா? எழுதுவது துரோகம், மறைப்பது பொய். மூன்றாம் நாளில் நின்று கொண்டு இதற்கு விடை தேடினால் நல்ல விடை கிடைக்காது. விடை முதல் நாளில் இருக்கிறது. ‘தம்பி, நான் உனக்கு உதவ வந்திருக்கிறேன். அதே சமயம் உன்னைப் பற்றி நீதிமன்றத்துக்கு எழுதவும் வந்திருக்கிறேன். நீ சொல்பவற்றுள் இன்னின்னவற்றை நான் எழுதித்தான் ஆக வேண்டும். சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்’ என்று வாய் திறக்காத அந்த முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவ்வாறு சொன்னால் பையன் பலவற்றைச் சொல்லாமல் போகலாம். போகட்டும். ஏமாற்றிப் பெற்ற உண்மையைவிட, அறிந்து காத்த மௌனம் மேலானது.

கருணையையும் அதிகாரத்தையும் ஒருசேர ஏந்தி வருபவன், எதிரில் இருப்பவனுக்கு இரு கடன்கள் பட்டிருக்கிறான் என்பதே நம் முடிவு. தன் கைகளுள் எது உதவும் கை, எது எழுதும் கை என்பதை முதலிலேயே காட்டிவிடுதல் முதற்கடன். அந்தக் கைகளால் நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர் கணக்குப் பார்த்தல் இரண்டாம் கடன். குற்றப் பழங்குடிகள் சட்டம் தன் எழுதும் கையை மறைக்கவில்லை. ஆனால் அதன் பிடியில் அகப்பட்டவனுக்கு மறுக்க வழி தரவில்லை. விளைந்ததைக் கேட்கவும் இல்லை. கேபட்டின் திட்டம் அன்பு செய்தது. முப்பது ஆண்டுகள் காத்திருந்தாவது இரண்டாம் கடனைத் தீர்த்தது. அதனால்தான் அதன் தோல்வியிலிருந்தும் உலகம் பாடம் கற்க முடிந்தது.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை இரகசியமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. ஆயினும் நீதிமன்றம் தக்கதெனக் கருதினால், அதன் சாரத்தைச் சம்பந்தப்பட்டவனுக்குத் தெரிவித்து, அவன் தரும் சான்றையும் கேட்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சட்டம் அதை நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. அறமோ அதை விருப்பத்துக்கு விடுவதில்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டது இன்னதென்று அறியாமல் ஒருவன் தண்டனையோ தயவோ பெறுவது, அவனை மனிதன் என்று மதிப்பதாகாது.

ஆகவே, நம் இல்லங்களில் ஒரு பிள்ளை வந்து, ‘மனித நலச் சேவையையும் குற்றவியலையும் சேர்த்துப் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால், தடுக்க வேண்டாம். எந்நேரமும் குற்றவாளிகளோடு பழகுவதா என்று அஞ்சவும் வேண்டாம். உத்தியோகத்தைப் பற்றிக் கேளுங்கள்; அது பெற்றோரின் உரிமை. அத்துடன் இன்னொன்றையும் கேளுங்கள்: ‘ஒருவனைப் பற்றி நீ எழுதும் அறிக்கையை, அவன் முன்னால் உட்கார்ந்து அவனுக்கே படித்துக் காட்ட உனக்குத் துணிவு வருமா?’ வரும் என்று அப்பிள்ளை சற்று யோசித்துச் சொல்லுமானால், படிக்க அனுப்புங்கள்.